“அந்த அரசர் எங்கள் சாதி” என்கிற மாணவனுக்கு என்ன பதில்?

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை வரலாறு நடத்துவது தொடர்பாக வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அரசு நடுநிலைப் பள்ளிகளில் சமூக அறிவியல் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர் இந்த இதழில் பதிலளிக்கிறார்.

கேள்வி: பி.ஏ. வரலாறு முடித்து, பி.எட். படித்துக்கொண்டிருக்கிறேன். நடுநிலைப் பள்ளியில் வரலாறு மட்டும் நடத்தும் வாய்ப்புக் கிடைக்குமா?
– வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: கிடைக்காது. நியமன ஆணையில் பட்டதாரி ஆசிரியர், வரலாறு என்று இருந்தாலும், உங்கள் கைக்கு வரும் சமூக அறிவியல் புத்தகத்தில் புவியியல், குடிமையியல், பொருளியல் எல்லாம் சேர்ந்தே இருக்கும். ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் 150 மதிப்பெண்ணில் 60 சமூக அறிவியலுக்கு உரியது. அதில் தேர்ச்சி பெற்ற பிறகும், 2018ஆம் ஆண்டின் அரசாணைப்படி, அரசுப் பள்ளி நியமனத்துக்குத் தனியே போட்டித் தேர்வு எழுத வேண்டும். பணியில் சேர்ந்ததும் வரலாற்றுப் பட்டதாரிகள் தடுமாறுவது பெரும்பாலும் அட்சக்கோடு, தீர்க்கக்கோடு, நேர வலயம் ஆகிய பாடங்களில்தான். எனவே ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் புவியியலை இப்போதே ஒரு முறை உட்கார்ந்து படித்துவிடுங்கள். மாணவர் விவரங்களை எமிஸ் என்னும் இணையதளத்தில் பதிவேற்றுவதும் உதவித்தொகை விண்ணப்பங்களும் உங்கள் நேரத்தில் பங்கு கேட்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: ஏழாம் வகுப்பில் பிற்காலச் சோழர் பாடம் நடத்தும்போது ஒரு மாணவன், “ராஜராஜன் எங்க சாதி சார்” என்றான். இன்னொருவன் இல்லை, தங்கள் சாதிதான் என்று எழுந்தான். இருவரும் ஆதாரமாகச் சொன்னது ஊரில் ஒட்டிய சுவரொட்டிகளை. பாடத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகச் சொல்கிறார் தலைமையாசிரியர். என்ன செய்வது?
– பட்டதாரி ஆசிரியர், தென் மாவட்டம்

பதில்: பாடத்தைச் சீக்கிரம் முடித்தால் அந்தப் பேச்சு நின்றுவிடாது, உங்கள் காதுக்கு எட்டாத இடத்தில், விளையாட்டு மைதானத்திலோ பேருந்து நிறுத்தத்திலோ தொடரும். ஆகவே நிதானமாக நின்று நடத்த வேண்டிய இடமே இதுதான். அவர் உங்கள் சாதி இல்லை என்று மறுக்கவும் வேண்டாம், இருக்கலாம் என்று மழுப்பவும் வேண்டாம். இது உனக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் கேளுங்கள். சுவரொட்டியை அச்சிட்டவர் யார், எந்த ஆண்டில் அச்சிட்டார், அவருக்கு யார் சொன்னது என்று மாணவர்களையே பலகையில் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்து, சோழர்கள் தங்களைப் பற்றித் தாங்களே என்ன சொல்லிக்கொண்டார்கள் என்பதை எடுத்துவையுங்கள். முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடு அந்த வம்சத்தைச் சூரியனிலிருந்து தொடங்குகிறது. பாண்டியர்களோ சந்திரனிலிருந்து வந்தவர்களாகத் தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். சூரியனுக்குப் பிறந்தவன் என்று ஓர் அரசன் ஏன் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று கேட்டால், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சிரித்துவிட்டு, “கெத்துக்காக” என்பார்கள். வரலாற்றாய்வாளர்கள் தரும் விளக்கமும் இதிலிருந்து வெகு தூரத்தில் இல்லை. அதே கேள்வியைச் சுவரொட்டிக்கும் கேட்கலாம் என்பதைப் பிள்ளைகளே கண்டுகொள்வார்கள், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.

அரசனோடு பாடத்தை நிறுத்திவிடவும் வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு ஒன்று, பல ஊர்க் கோயில்களிலிருந்து அழைத்துவந்து குடியமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் ஆடல் மகளிரை, பெயர் பெயராகச் சொல்கிறது. ஒவ்வொருவரும் எந்த ஊரிலிருந்து வந்தார், தெருவின் எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீடு அவருக்கு, ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்பது வரை அதில் உண்டு. அதே கோயிலின் வேறு கல்வெட்டுகளில், வரி நீக்கிய நிலங்களின் பட்டியலில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் இடம்பெறுகின்றன. இராசராசன் காலத்தை ஊர்களின் வரைபடமாகப் பார்க்க வைப்பவை இவை. இந்தப் பகுதியைப் பேசும்போது மட்டும் வகுப்பில் எந்தப் பிள்ளையின் முகத்தையும் பார்த்துப் பேசாதீர்கள். பார்வை பலகையில் இருக்கட்டும்.

வார்த்தை தடித்தால் அது பாடம் சார்ந்த விஷயம் அல்ல, ஒழுங்கு சார்ந்த விஷயம். உடனே பதிவு செய்யுங்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் சாதி அடையாளக் கயிறுகளுக்குத் தடை கோரியதை உங்கள் தலைமையாசிரியருக்கு நினைவூட்டலாம். “சார், நீங்க என்ன ஆளுங்க?” என்று ஒருநாள் உங்களையும் கேட்பார்கள். சொல்லாதீர்கள்.

கேள்வி: ஆறாம் வகுப்பில் பாதிப் பேர் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார்கள். புத்தகமோ பெரியது. எப்படி முடிப்பது?
– ஆசிரியை, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: எல்லாப் பாடத்துக்கும் ஒரே அளவு நேரம் கொடுக்கத் தேவையில்லை. அரசர்களின் பட்டியலாக இருக்கும் பக்கங்களை ஒரே பாடவேளையில் கடந்துவிட்டு, ஒரு பருவத்தில் ஓரிரு ஆதாரங்களை முழுமையாக நடத்துங்கள். வாசிக்கத் தடுமாறும் பிள்ளையும் அங்கே பேச முடியும். உத்திரமேரூர்க் கல்வெட்டு இதற்கு ஏற்றது. 921ஆம் ஆண்டின் அந்தக் கல்வெட்டின்படி, ஊர் நிர்வாகக் குழுக்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்க, ஊர் 30 குடும்புகளாக, அதாவது பகுதிகளாக, பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். வகுப்பிலும் துண்டுச் சீட்டும் குடமுமாக நடத்திப் பாருங்கள்.

விளையாட்டு முடிந்ததும் தகுதிகளைப் படியுங்கள். வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது அன்றைய நில அளவு) மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்க முடியாது. நம் வகுப்பில் யாருடைய வீட்டார் அன்று குடத்துக்குள் வந்திருப்பார்கள் என்று கேட்டால், ஏறக்குறைய யாரும் இல்லை என்பது தெரியவரும். இது பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊர் என்பதை அந்த நேரத்தில் சொல்லுங்கள். மேடைகளில் தமிழர் மக்களாட்சிக்குச் சான்றாக இதைக் காட்டுவோர், குடத்துக்கு வெளியே நின்றவர்களைப் பேசுவதில்லை. கணக்குக் காட்டாதவரை விலக்கிய விதியோ இன்றைக்கும் வேண்டியதாக இருக்கிறது. இரண்டையும் ஒரே வகுப்பில் பேசலாம். வளரறி மதிப்பீட்டில் செயல்பாட்டுக்கு உரிய மதிப்பெண்ணை இதற்கும் வழங்கலாம்.

கேள்வி: எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு ஆண்டுகள் மனத்தில் நிற்பதில்லை. கூகுளில் இருப்பதை ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும்?
– பெற்றோர், திருச்சி

பதில்: தேர்வு ஒரு காரணம்: எட்டாம் வகுப்பில் நடக்கும் தேசிய வருவாய் வழி மற்றும் தகுதி படிப்புதவித்தொகைத் தேர்வின் படிப்புத் திறன் பகுதியிலுள்ள 90 கேள்விகளில் 35 சமூக அறிவியலிலிருந்து வருபவை. எல்லா ஆண்டுகளும் தேவையில்லை. ஒன்றையொன்று இழுத்துவரும் ஆண்டுகள் போதும். 1799 மே மாதம் சீரங்கப்பட்டினத்தில் திப்பு வீழ்ந்தார். அதே ஆண்டு அக்டோபரில் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள். திப்புவின் குடும்பத்தார் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டிருந்ததால்தான், புதிய தலைப்பாகைக்கும் சமயக்குறி, தாடி மீதான கட்டுப்பாடுகளுக்கும் எதிராக 1806 ஜூலை 10 அன்று எழுந்த சிப்பாய்கள் கோட்டையில் திப்புவின் கொடியை ஏற்றினார்கள். உங்கள் மகளிடம் ஆண்டைக் கேட்காமல், எது முந்தியது, ஏன் என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: மாணவர்களை வரலாற்று இடங்களுக்கு அழைத்துச் செல்லப் பேருந்துக்குப் பணமில்லை. உள்ளூரில் என்ன காட்டலாம்?
– தொன்மை மன்றப் பொறுப்பாசிரியர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: இறந்த வீரர்களின் நினைவாக நட்ட நடுகற்களின் நாட்டில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்கள். உங்கள் மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில், வீரனோடு கோவிவன் என்ற நாயும் பெயரோடு இடம்பெற்றிருக்கிறது. திருட வந்தவரைக் கடித்துக் காவல் நின்ற நாய் அது. எந்த அரசனையும் மறந்துவிடும் பிள்ளை இந்த நாயின் பெயரை மறக்காது. நடந்து போகும் தொலைவில் கல்வெட்டு எது என்பதைத் தொல்லியல் துறை வெளியிட்டுள்ள மாவட்டக் கல்வெட்டு நூல்களில் பாருங்கள். பல நூல்கள் தமிழிணைய மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தலைமையாசிரியரின் அனுமதியும் பெற்றோரின் ஒப்புதல் கடிதமும் கையில் இருக்கட்டும். எழுத்துத் தெரிய வேண்டுமென்று கல்லில் சுண்ணக்கட்டி, மாவு, எண்ணெய் எதையும் தேய்க்க விடாதீர்கள். காலை எட்டு மணிக்கு முன்போ மாலை ஐந்துக்கு மேலோ சென்றால், சாய்ந்து விழும் வெயிலில் எழுத்து தானாகவே தெரியும். கைப்பேசியில் படம் எடுத்துவந்து மறுநாள் வகுப்பில் பெரிதாக்கிப் படிக்கலாம்.