பல்ஜ், ப்ரொட்ரூட், ப்ரொட்யூபரன்ஸ்: என்ன வித்தியாசம்?

அகராதியில் இந்த மூன்று ஆங்கிலச் சொற்களுக்கும் புடைத்தல், துருத்தல் என்றே போட்டிருக்கும். ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. காரணம் வேரில் இருக்கிறது.

பல்ஜ் என்பது உள்ளிருந்து வரும் அழுத்தத்தால் மேற்பரப்பு வளைந்து பிதுங்குவது. லத்தீனில் புல்கா என்றால் தோல்பை. திருகோணமலைச் சந்தையில் மரக்கறி திணித்த பையைப் பாருங்கள்: வாய் கட்டியிருக்கும், பக்கங்கள் மட்டும் உருண்டு தள்ளும். அதுதான் பல்ஜ். அந்தத் தோல்பைக்குப் பிரெஞ்சில் வந்த குட்டிப் பெயர் பூஜெட். அதுவே ஆங்கிலத்தில் பட்ஜெட் ஆனது. முதலில் பை, பிறகு அதற்குள் இருந்த காசுக் கணக்கு. அருமையான உறவு!

ப்ரொட்ரூட்டுக்கு வீக்கம் தேவையில்லை. லத்தீனில் ப்ரோ என்றால் முன்னே, ட்ரூடெரே என்றால் தள்ளுதல். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலை கடலுக்குள் நீட்டி நிற்பதைச் சொல்ல இதுதான் சரி. பல்ஜ் என்றால் பாறை ஊதிவிட்டது போலாகிவிடும்.

ப்ரொட்யூபரன்ஸ் பெயர்ச்சொல்: தனியாகத் தெரியும் முண்டு. லத்தீன் டூபர் என்றால் கட்டி. உருளைக்கிழங்கை ட்யூபர் என்பதும் இதனால்தான்.

ப்ரொட்ரூட்டை நினைத்துக்கொண்டு பலர் இதை 'ப்ரொட்ரூபரன்ஸ்' என்று எழுதுகிறார்கள்; அது பிழை, இரண்டுக்கும் பொதுவானது 'ப்ரோ' மட்டுமே.