ஊட்டிக் குளிரில் வீட்டிலிருந்து வேலை: அறைக்கு அல்ல, உங்களுக்குச் சூடு வேண்டும்

கேள்வி: ஊட்டியில் தலைகுந்தா பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறோம். பெங்களூரு கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறேன். காலை 9 மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க மாலை ஆகிவிடும். டிசம்பர் வந்தால் விரல்கள் விறைத்து டைப் செய்யவே முடிவதில்லை, பாதம் ஜில்லிட்டுப் போகிறது. போன குளிர்காலத்தில் 2000 வாட் ஹீட்டர் வாங்கி ஓட்டினேன். வழக்கமாக 500 ரூபாய்க்குள் வரும் கரன்ட் பில் 6000-ஐத் தாண்டிவிட்டது. ஆயில் ஹீட்டருக்கு மாறினால் குறையுமா? அம்மாவோ, அந்தக் காலம் போல அறையில் கணப்புச் சட்டி வைத்தால் போதும் என்கிறார். வாடகை வீடு என்பதால் பெரிய செலவு செய்ய முடியாது.

பதில்: முதலில் கணப்புச் சட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பணப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. மூடிய அறையில் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. கரி நன்றாகக் கனன்று, புகையே இல்லாமல் இருக்கும்போதும் அது வந்துகொண்டுதான் இருக்கும். லேசான தலைவலி, சோர்வு, அப்புறம் தூக்கம். வேலைக் களைப்பு என்று நினைத்துச் சாய்ந்தவர் எழாமலே போகலாம். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் குளிருக்காக அறைக்குள் கரி வைத்துப் படுத்தவர்கள் இப்படி இறந்திருக்கிறார்கள். அம்மா சொல்வதும் பொய்யில்லை. அவர் பார்த்த வீடுகளில் ஓட்டுக்கூரை இடுக்கு வழியாகக் காற்று போய்வந்துகொண்டிருந்தது, பங்களாக்களில் கணப்புக்கு மேலே புகைபோக்கி இருந்தது. கண்ணாடி ஜன்னலும் கான்கிரீட் கூரையுமாக இருக்கும் இன்றைய அறைக்கு அந்தப் பழக்கம் ஒத்துவராது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொள்கிறேன் என்ற சமாதானமும் வேண்டாம். கேஸ் அடுப்பைப் பற்றவைத்து அறையைச் சூடாக்குவதற்கும் இதே பதில்தான்.

இனி பில். 2000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். எட்டு மணி நேரத்துக்கு 16. மாதம் 22 வேலை நாள் என்றால், இரண்டு மாதக் கணக்கில் 700 யூனிட்டுக்கு மேல் ஹீட்டர் மட்டுமே தின்றிருக்கிறது. அறை சூடானதும் தெர்மோஸ்டாட் அணைத்துவிடும் என்று கடையில் சொல்லியிருப்பார்கள். ஆனால் கல் சுவரும் இடுக்குள்ள ஜன்னலும் இருக்கும் ஊட்டி வீட்டில் அறை அந்த அளவுக்குச் சூடாவதே அபூர்வம். தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணத்தில் 500 யூனிட் ஒரு முக்கியமான எல்லை. அதைத் தாண்டிய யூனிட் ஒவ்வொன்றும் எட்டு ரூபாய்க்கு மேல். அதோடு, கீழ் அடுக்கில் கிடைத்துவந்த சலுகை விலையும் போய்விடும். உங்கள் பில் எகிறியது இந்த இரண்டும் சேர்ந்ததால்தான். ஆகவே ஹீட்டரைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இரண்டு மாதக் கணக்கு 500-க்குள் நிற்கும்படி அளவாகப் பயன்படுத்துங்கள் என்கிறேன்.

ஆயில் ஹீட்டர் வாங்கினால் குறையாது. கம்பிச் சுருளோ, ஃபேன் ஹீட்டரோ, ஆயிலோ, எல்லாமே ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரே அளவு சூட்டைத்தான் தரும். ஆயில் ஹீட்டர் சத்தம் போடாது, அணைத்த பிறகும் சற்று நேரம் கதகதப்பாக இருக்கும், அவ்வளவுதான். உண்மையில் குறைந்த மின்சாரத்தில் அதிகச் சூடு தருவது குளிரும் சூடும் இரண்டும் தரும் ஏசி. அது வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உள்ளே இழுத்துக் கொண்டுவருவதால், அதே அளவு சூட்டுக்கு ஹீட்டர் கேட்பதில் பாதிக்கும் குறைவான மின்சாரமே போதும். சொந்த வீடு என்றால் யோசிக்கச் சொல்வேன். வாடகை வீட்டுக்கு வேண்டாம்.

சரி, அப்படியானால் என்ன செய்வது? சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பே ஏறக்குறைய 100 வாட் சூட்டை வெளிவிட்டுக்கொண்டிருக்கிறது. குளிர் தாக்கும்போது அந்தச் சூட்டை நெஞ்சு, வயிறு, தலைக்குக் காப்பாற்றிக்கொள்ள, கைகால் ரத்தக் குழாய்களை உடம்பு சுருக்கிவிடும். விரல் விறைப்பது இதனால்தான். அதனால் கையுறையை மட்டும் மாட்டினால் போதாது. உடம்பின் நடுப்பகுதி கதகதப்பாக இருந்தால்தான் விரலுக்கு ரத்தம் இறங்கிவரும். உள்ளே உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன்மேல் ஒரு முழுக்கைச் சட்டை, அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர் என்று அடுக்கிப் போடுங்கள். ஒரே தடிமன் ஜாக்கெட்டைவிட இது நல்லது, வெயில் ஏறினால் ஒன்றைக் கழற்றிவிடலாம். கழுத்துக்கு மஃப்ளர், தலைக்குக் குல்லா. வீட்டுக்குள் எதற்குக் குல்லா என்று தோன்றும், போட்டுப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். சாக்ஸ் இரண்டு போட்டால் மேல் சாக்ஸ் தளர்வாக இருக்கட்டும். இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து பாதம் இன்னும் சில்லிடும். விரல் நுனி திறந்த கையுறை டைப் செய்ய வசதி. கம்பளித் துணிகளுக்குத் தாவரவியல் பூங்கா பக்கம் இருக்கும் திபெத்தியர் சந்தையில் பேரம் பேசி வாங்கலாம்.

இதற்கு மேல் வேண்டிய சூட்டை உடம்புக்கு ஒட்டிய இடத்தில் மட்டும் கொடுங்கள். என் முதல் சிபாரிசு ரப்பர் வெந்நீர்ப் பை. ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கெட்டிலில் 70 டிகிரிக்குச் சூடாக்க ஆகும் மின்சாரம் வெறும் 0.1 யூனிட். உறை போட்டு மடியிலோ இடுப்புக்குப் பின்னாலோ வைத்துக்கொண்டால் இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள், முழுக்க நிரப்பாமல் காற்றை வெளியேற்றி மூடுங்கள், ரப்பர் வெடித்துக் காய்ந்திருந்தால் தூக்கிப் போடுங்கள். அடுத்தது, நாற்காலியில் போட்டு உட்காரும் ஹீட்டிங் பேட். பெரும்பாலும் 60 வாட் அளவில்தான் இருக்கும், நாள் முழுக்க ஓடினாலும் அரை யூனிட். இரண்டையும் சேர்த்தாலும் ஒரு நாளைக்கு ஒரு யூனிட் ஆகாது. ஹீட்டர் எடுத்துக்கொண்ட 16-ஐ இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பாதத்துக்கு ஒரு ஏற்பாடு சொல்கிறேன், இதைக் கட்டாயம் செய்யுங்கள். சிமென்ட் தரை பாதத்தின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கீழே இரண்டு சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் பழைய ஜமுக்காளத்தை விரியுங்கள். அதன்மேல் இரண்டு பாதமும் நுழையும் அளவுக்கு ஒரு அட்டைப் பெட்டி. உள்ளே உறை போட்ட வெந்நீர்ப் பை, முழங்காலிலிருந்து பெட்டிவரை மூடும்படி ஒரு கம்பளி. ஜப்பானில் தாழ்ந்த மேஜைக்கடியில் சிறிய ஹீட்டரை வைத்து, சுற்றிலும் மெத்தைப் போர்வையைத் தொங்கவிட்டுக் காலை நுழைத்துக்கொள்ளும் கொதாட்சு என்ற ஏற்பாடு இந்த அடிப்படையில் அமைந்ததுதான். நாம் செய்யும்போது கம்பளிக்குள் வெந்நீர்ப் பை மட்டும்தான் இருக்க வேண்டும். கம்பிச் சுருள் ஹீட்டரைப் போர்வைக்கு அடியில் வைத்தால் தீப்பிடித்துவிடும்.

மேஜையை எங்கே போட்டிருக்கிறீர்கள்? ஜன்னலோரமாக, வெளிச்சுவரை ஒட்டி இருந்தால் இன்றே நகர்த்துங்கள். அறைக் காற்று ஓரளவு சூடாக இருந்தாலும், பக்கத்தில் குளிர்ந்த கல் சுவரோ கண்ணாடியோ இருந்தால் உடம்புச் சூடு அதை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். உள்சுவரை ஒட்டிய மூலை நல்லது, சமையலறைக்குப் பின்சுவர் கிடைத்தால் இன்னும் நல்லது. இருக்கும் அறைகளில் சிறியதைத் தேர்ந்தெடுங்கள்.

ஊட்டிக் குளிர்காலத்தில் இலவசமாகக் கிடைப்பது வெயில். உறைபனி விழும் நாட்களில் இரவு வானம் மேகமில்லாமல் தெளிந்திருக்கும், நிலத்தின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடுவதால்தான் புல்வெளி வெளுத்துப்போகிறது. அதே தெளிந்த வானம் பகலில் நல்ல வெயிலையும் தருகிறது. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தெற்குப் பார்த்த ஜன்னல்தான் பகல் முழுக்க வெயில் வாங்கும். அந்தப் பக்கத் திரையை வெயில் விழுந்ததும் முழுக்கத் திறந்துவிடுங்கள், வெயில் இறங்குவதற்கு முன்பே, நான்கு மணி வாக்கில், எல்லாத் திரையையும் இழுத்துவிடுங்கள். பலரும் இருட்டிய பிறகுதான் மூடுகிறார்கள், அதற்குள் பாதிச் சூடு போய்விடுகிறது. மெல்லிய திரையாக இருந்தால் பின்பக்கம் பழைய போர்வையைச் சேர்த்துத் தொங்கவிடலாம். போன் பேச வேண்டிய மீட்டிங்குகளை முற்பகலில் வைத்துக்கொண்டு வாசல் வெயிலில் நடந்துகொண்டே பேசுங்கள். நடந்தால் உடம்பு தானாகவே கூடுதல் சூடு உண்டாக்கும்.

ஜன்னல் இடுக்குக்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஃபோம் டேப் ஒட்டலாம், வீட்டுக்காரர் ஆட்சேபிக்க ஒன்றுமில்லை. கதவுக்கடியில் பழைய புடவையைச் சுருட்டி வையுங்கள். ஆனால் மதியம் பத்து நிமிடமாவது எல்லா ஜன்னலையும் திறந்து வைக்க வேண்டும். மூச்சும் சமையல் ஆவியும் உள்ளேயே தங்கினால் சுவர் ஓதம் பிடித்துப் பூஞ்சை வரும். ஈரத் துணியை வேலை செய்யும் அறையில் காயப்போடாதீர்கள், அது காய்வதற்கு அறையின் சூட்டைத்தான் எடுத்துக்கொள்ளும்.

வாங்கிவிட்ட ஹீட்டரைக் காலையில் அரை மணி நேரம், அதுவும் குறைந்த வாட்டில் ஓட்டுங்கள். அது 2000 வாட்டில் ஓடும்போது கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். லேப்டாப் சொருகும் 6 ஆம்பியர் பிளக்கோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸோ அதைத் தாங்காது. 16 ஆம்பியர் பெரிய பிளக் இருக்கும் அறையில் மட்டும் வையுங்கள். பழைய வயரிங் என்றால் ஒரு எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுவது நல்லது.

அம்மாவுக்கும் வெந்நீர்ப் பை கொடுங்கள், கணப்பைப் பற்றிய பேச்சு அதோடு அடங்கிவிடும். அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் பாதத்தில் வைக்க வேண்டாம். உணர்ச்சி குறைந்த காலில் சூடு பட்டுக் கொப்புளம் வந்தாலும் தெரியாது, ஆற நாளாகும். அவருக்கு இரவில் படுக்கையை முன்கூட்டியே சூடாக்கி, படுக்கும்போது பையை எடுத்துவிடுங்கள். உங்கள் விஷயத்தில், இத்தனையும் செய்த பிறகும் விரல்கள் வெள்ளையாகவோ நீலமாகவோ நிறம் மாறினால், அல்லது வீட்டில் மற்றவர்களுக்கு இல்லாத அளவு உங்களுக்கு மட்டும் குளிர்ந்தால், டாக்டரைப் பார்த்து தைராய்டும் ஹீமோகுளோபினும் சோதித்துக்கொள்ளுங்கள். இரண்டில் எது குறைந்தாலும் குளிர் அதிகமாகத் தெரியும், இரண்டுக்கும் மருந்து உண்டு.