ஒரே தூரத்துக்கு இரண்டு நேரமா?

கேள்வி: லண்டன் ஹீத்ரூவிலிருந்து நியூயார்க் ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்குச் செல்ல ஏறத்தாழ எட்டு மணி நேரமும், திரும்பி வர ஏழு மணி நேரமும் ஆகின்றன. பூமி கிழக்கு நோக்கிச் சுழலும்போது, மேற்கே பறக்கும் விமானத்தை நோக்கி நியூயார்க் தானே நெருங்கி வர வேண்டும்? நடப்பது நேர்மாறாக இருக்கிறதே!

பதில்: தரையோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுழல்கிறது; அந்தக் காற்றுக்குள்தான் விமானம் பறக்கிறது. ஆகவே நியூயார்க் நெருங்கியும் வராது, விலகியும் போகாது. இரு நிலையங்களுக்கும் இடையே உள்ள சுமார் 5,550 கிலோமீட்டர் தூரம் எத்திசையிலும் ஒன்றுதான்.

வேறுபாட்டுக்குக் காரணம், ஏறக்குறைய 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஆறுபோல் ஓடும் ஜெட் காற்றோட்டம். வெப்பமண்டலத்துக்கும் துருவங்களுக்கும் இடையிலான வெப்ப வேறுபாட்டால் பிறக்கும் இந்தக் காற்றைக் கிழக்கு நோக்கித் திருப்பிவிடுவது பூமியின் சுழற்சியே என்பதால், நீங்கள் சுழற்சியைச் சந்தேகித்தது முழுத் தவறு என்று சொல்ல மாட்டேன். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்தைப் பின்னாலிருந்து 150 கிலோமீட்டர் வேகக் காற்று தள்ளினால், தரையைப் பொறுத்து அதன் வேகம் 1,050 ஆகிறது. அதே காற்று எதிர்த்தால் 750 ஆகக் குறைகிறது. குளிர்காலத்தில் இக்காற்று வலுப்பெறும். 2020 பிப்ரவரியில், புயல் வீசிய ஓர் இரவில், நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட போயிங் 747 விமானம் ஐந்து மணி நேரத்துக்குள் லண்டனை அடைந்தது. தரையைப் பொறுத்து அது மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியபோதும், சுற்றியிருந்த காற்றைப் பொறுத்து ஒலியின் வேகத்தை மீறவில்லை.

அட்டவணையில் காணும் நேரம் வானில் பறக்கும் நேரம் மட்டுமன்று. நிறுத்துமிடத்திலிருந்து நகர்வது முதல், இறங்கிய பின் மறு நிறுத்துமிடத்தில் நிற்பது வரை அதில் அடங்கும். தூரத்தை வேகத்தால் வகுத்துப் பார்ப்போருக்குக் கணக்கு இடிப்பது பெரும்பாலும் இங்கேதான்.

கேள்வி: டோக்கியோவும் நியூயார்க்கும் வரைபடத்தில் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்க, இடையிலான விமானப் பாதை அலாஸ்கா வரை வளைந்து செல்வது வீண் சுற்று அல்லவா?

பதில்: வளைவு பாதையில் இல்லை, வரைபடத்தில் இருக்கிறது. உருண்டையைத் தாளில் விரிக்கும்போது வடபகுதிகள் இழுபட்டுப் பெரிதாகத் தெரிகின்றன. உலக உருண்டையின் மீது இரு நகரங்களையும் தொட்டு ஒரு நூலை இறுக்கிப் பிடியுங்கள். அது தானாகவே வடக்கே ஏறிவிடும். விமான நிலையங்களுக்கு இடையிலான தூரமாகத் தரப்படுவது இந்த நூலின் நீளமே.

ஆனால் எல்லா நேரங்களிலும் நூல் வழியே பறக்க முடிவதில்லை. 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பின், ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஏறத்தாழ ஒன்பது மணி நேரமாக இருந்த பயணம் பதின்மூன்று மணி நேரமாக நீண்டது.