வான், கால், அப்புறம் நிலம்

கேள்வி: இங்கிலாந்துக் கால்பந்துக் கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட்டின் முன்னாள் பயிற்சியாளர் லூயி வான் கால், தான் கேட்ட ஆட்டக்காரர்களில் ஒருவரைக்கூடக் கிளப் வாங்கித் தரவில்லை, கிளப்பை நடத்தியவருக்குக் கால்பந்தே தெரியாது என்று பேட்டிகளில் போட்டு உடைத்தாரே! சம்பளம் வாங்கிய இடத்தை வெளியே வந்தபின் திட்டுவது நியாயமா? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: நியாயம் ஒருபக்கம் இருக்கட்டும். 'முன்னாள்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லைக் கொஞ்சம் கடன் கொடுங்கள்.

முன் என்றால் கண்ணுக்கு நேரே இருப்பது. முன்வாசல், முன்வரிசை, முன்னேற்றம். ஆனால் முன்னாள், முன்னோர், முந்தாநாள் எல்லாம் முடிந்துபோன கணக்கு. இனி வரப்போவதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் பின்னாள், பின்னர், பிற்பாடு. ஆக, தமிழர்கள் நடந்து முடிந்ததைப் பார்த்துக்கொண்டே, வரப்போவதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்பக்கமாக நடக்கிறவர்கள். சில வருடங்களுக்கு முன் இதே பக்கத்தில் இப்படி எழுதியதற்கு ஒரு தமிழாசிரியர் மூன்று பக்கக் கடிதம் போட்டார். 'அப்படியானால் எதிர்காலம் என்கிறோமே, அந்த எதிர் எங்கே இருக்கிறது, உம் முதுகிலா?' இடப் பற்றாக்குறை என்று சொல்லிக் கடிதத்தை வெளியிடாமல் விட்டேன். பற்றாக்குறை பதிலில்தான்.

ஆனாலும் முன்னாள்கள் விஷயத்தில் என் கட்சி செல்லும். முன்னாள் அமைச்சரோ முன்னாள் நீதிபதியோ முன்னாள் பயிற்சியாளரோ, அவர் கண்ணுக்கு நேரே தெரிவது தான் எழுந்து வந்த நாற்காலி ஒன்றுதான்.

வான் கால் விஷயத்துக்கு வருவோம். (நெதர்லாந்துக்காரர்கள் அந்தக் காலைத் தொண்டையிலிருந்து உருட்டி எடுப்பார்கள். நமக்கு அது வேண்டாம்.) பழந்தமிழில் கால் என்றால் காற்று. ஐம்பூதங்களில் இரண்டைப் பெயரிலேயே வைத்திருக்கும் பயிற்சியாளர் உலகில் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. 2016 பிப்ரவரியில் ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில், எதிரணி ஆட்டக்காரர் எப்படிப் பொய்யாக விழுந்தார் என்று நான்காவது நடுவருக்குக் காட்டுவதற்காக, கோட்டும் டையுமாகத் தொப்பென்று மல்லாந்து விழுந்தார். அப்போது அவருக்கு 64 வயது. மூன்றாவது பூதமான நிலமும் அன்று கணக்கில் சேர்ந்தது. எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த நிமிடத்தில்தான்.

அவர் கேட்டதாகச் சொன்ன பட்டியல் சாதாரணமானதல்ல. லெவாண்டோவ்ஸ்கி, தாமஸ் முல்லர், ஹும்மெல்ஸ், காந்தே, மாரெஸ் எல்லாம் அதில் உண்டு. கடைசி இருவரும் 2016-இல் லெஸ்டர் அணிக்காக ஆடி இங்கிலாந்தின் பிரீமியர் லீக் பட்டத்தையே தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த வருடம் யுனைடெட்டுக்கு ஐந்தாம் இடம். வயிறு எரியாதா?

கல்யாணச் சமையலுக்கு ஆள் பேசியவர்களுக்கு இந்த எரிச்சல் புரியும். சமையல்காரர் லிஸ்ட் எழுதித் தருவார். பழைய பொன்னி இத்தனை மூட்டை, துவரம்பருப்பு இத்தனை கிலோ, கட்டிப் பெருங்காயம், குண்டு மிளகாய். பணம் வைத்திருப்பவர் பெண்ணுக்குத் தாய்மாமன். கடைக்குப் போகிறவரும் அவரே. எங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணத்தில் மாமா திரும்பி வந்தபோது வண்டியில் பெருங்காயம் இல்லை. ஒரு கூடை நிறைய கிவிப் பழம் இருந்தது. 'போட்டோவில் நல்லா விழும்' என்றார். பந்தியில் சாம்பார் சப்பென்று இருந்தது. மாமாவை யாராவது கேட்டார்களா? சமையல்காரரைத்தான் கேட்டார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பாக்கியை எண்ணி வாங்கி மடியில் முடிந்துகொண்டு, தெருமுனை டீக்கடையில் நின்று மாமாவின் வண்டவாளத்தை ஊருக்கே சொன்னார். மாமா அந்தக் கடையில் டீ குடிப்பதையே நிறுத்திவிட்டார்.

மான்செஸ்டரின் தாய்மாமன் எட் உட்வர்டு. 2005-இல் கிளேசர் குடும்பம் கடன் வாங்கிக் கிளப்பைப் பிடித்தபோது ஆலோசனை சொன்ன வங்கிக்காரர், 2013-இலிருந்து கிளப்பின் நிர்வாகப் பொறுப்பே அவர் கையில். ஒரு ஜெர்மன் பத்திரிகையிடம் வான் கால் சொன்னது இவரைப் பற்றித்தான். ஜெர்மன் கிளப்பான பயெர்ன் மியூனிக்கில் கால்பந்து ஆடியவர்கள் கால்பந்துக் கிளப்பை நடத்துகிறார்கள், இங்கே கால்பந்தறிவு பூஜ்யமான ஒருவரை உட்கார வைத்திருக்கிறார்கள் என்றார். தவறென்று சொல்ல முடியுமா?

ஆனால் ரசத்தில் உப்பைக் கூட்டியது சமையல்காரர் கைதான். 2014 கோடையில் 5 கோடியே 97 லட்சம் பவுண்டு கொடுத்து அர்ஜென்டினா ஆட்டக்காரர் டி மரியாவை வாங்கினார்கள். அன்றைக்கு அது பிரிட்டனில் சாதனை விலை. வான் கால் அவரை இங்கே நிறுத்தி, அங்கே நிறுத்தி, கடைசியில் பெஞ்சில் உட்கார வைத்தார். மறு வருடமே ஒன்றரைக் கோடி பவுண்டு நஷ்டத்தில் பாரிசுக்கு விற்றாயிற்று. தன் வாழ்க்கையிலேயே மோசமான பயிற்சியாளர் வான் கால்தான் என்று டி மரியா பிற்பாடு பேட்டி கொடுத்தார். அவரும் முன்னாள், கவனியுங்கள்.

2015 கோடை அதைவிட வேடிக்கை. கோல்கீப்பர் டி கேயாவை ரியல் மாட்ரிடுக்கு விற்பதாகப் பேசி முடித்து, ஆட்டக்காரர் டிரான்ஸ்பருக்கான கெடு முடியும் நள்ளிரவுக்குள் காகிதம் போய்ச் சேராமல் பேரம் விழுந்தது. உன்னால்தான் என்று இரண்டு கிளப்பும் அறிக்கை விட்டுக்கொண்டன. நம்மூர் டிரான்ஸ்பர் ஃபைல்கூட அதைவிட வேகமாக நகரும். (நம்மூரில் டிரான்ஸ்பருக்குக் காசு செலவழிப்பவர் மாற்றலாகிப் போகிறவர், அங்கே ஆளை வாங்குகிற கிளப். இது ஒன்றுதான் வித்தியாசம்.) டி கேயா 2023 வரை அங்கேயே கோல் காத்தார். அந்தக் கோடையில் கிளப்புக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அந்தத் தாமதம்தான் என்பேன்.

இனி உங்கள் 'நியாயமா'வுக்கு வருகிறேன். 2015-இல், வான் கால் பதவியில் இருந்தபோது, யுனைடெட்டின் பழைய ஆட்டக்காரர் பால் ஸ்கோல்ஸ் டி.வி.யில் உட்கார்ந்து, இந்த அணியில் ஆட எனக்கு ஆசையே வந்திருக்காது என்றார். பந்தைப் பக்கவாட்டிலேயே தட்டிக்கொண்டிருந்த அணி அது. நானும் இரண்டு ஆட்டத்தில் பாதியில் தூங்கியிருக்கிறேன். வான் காலுக்குக் கோபம் வந்தது. குறை இருந்தால் ஸ்கோல்ஸ் என்னிடம் சொல்லட்டும், என் உதவிப் பயிற்சியாளரும் அவருடைய நண்பருமான கிக்ஸிடம் சொல்லட்டும், இல்லையென்றால் எட் உட்வர்டிடம் சொல்லட்டும், அதைவிட்டு மீடியாவில் பேசுவதா என்று கேட்டார். ஆமாம், அதே எட் உட்வர்டுதான்.

2016 மே 21-ஆம் தேதி லண்டன் வெம்ப்லி மைதானத்தில் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை வான் கால் வென்றார். கோப்பையோடு பத்திரிகையாளர்களைச் சந்திக்க வருவதற்குள் அடுத்த பயிற்சியாளர் மொரினியோ என்ற செய்தி எல்லோர் கையிலும் இருந்தது. 23-ஆம் தேதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாயசம் பரிமாறிக்கொண்டிருக்கும்போதே அடுத்த சமையல்காரரை அடுப்படிக்குக் கூட்டிவந்து காட்டுவது போன்ற காரியம். இதற்குப் பிறகு ஒருவர் டீக்கடைக்குப் போனால் நான் குறை சொல்ல மாட்டேன். ஸ்கோல்ஸிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயிருக்கலாம், அவ்வளவுதான்.

2022 மார்ச்சில், நெதர்லாந்துப் பயிற்சியாளர் எரிக் டென் ஹாக்கை யுனைடெட் கூப்பிடுகிறது என்ற பேச்சு வந்தபோது, அது வியாபாரக் கிளப், நீ ஒரு கால்பந்துக் கிளப்பாகப் பார்த்துப் போ என்று வான் கால் பொதுவில் எச்சரித்தார். டென் ஹாக் கேட்கவில்லை. இரண்டு கோப்பை வாங்கிக் கொடுத்துவிட்டு, 2024 அக்டோபரில் அவரும் முன்னாள் ஆனார். அந்த சீசனை யுனைடெட் முடித்தது 15-ஆம் இடத்தில்.

உட்வர்டும் 2022 தொடக்கத்திலேயே பொறுப்பைவிட்டுப் போய்விட்டார். நான் படிக்க ஆசைப்படுவது அவருடைய பேட்டியைத்தான். சமையல்காரர் எழுதிக் கொடுத்த லிஸ்டில், அன்றைக்குக் கடையில் விற்பனைக்கு இருந்தது எத்தனை சாமான் என்று மாமாவுக்குத்தானே தெரியும்?