போன் நேர்காணல்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

பல வருடமாகப் போனிலேயே முதல் சுற்று நேர்காணல் எடுத்து வருகிறேன். அந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: திடீரென்று கூப்பிட்டு "இப்போது பேசலாமா" என்கிறார்கள். பஸ்ஸில் நிற்கிறேனே?

பதில்: "அரை மணி நேரத்தில் பேசலாமா" என்று கேளுங்கள், தப்பே இல்லை. கூப்பிட்டவர் பெயர், எண், எந்த வேலைக்கு என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் பேசினால் அடிக்கடி "என்ன சொன்னீர்கள்?" என்று கேட்கிறார்கள். என் உச்சரிப்பு மோசமா சார்?

பதில்: உச்சரிப்பைக் குறை சொல்வதற்கு முன் போனைப் பாருங்கள். சாதாரண தொலைபேசி இணைப்பு சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைத்தான் கடத்தும், 'ஸ', 'ஃப' இரண்டையும் பிரித்துக் காட்டும் சத்தத்தில் பெரும்பகுதி அதற்கு மேலே இருப்பதால் அவை ஒன்றுபோலவே கேட்கும். எச்டி வாய்ஸ் என்ற தெளிவான அழைப்பு வசதி சுமார் 7,000 ஹெர்ட்ஸ் வரை போகும், ஆனால் இரண்டு போனும் நடுவில் உள்ள நெட்வொர்க்கும் ஒத்துழைக்க வேண்டும். அதனால் பெயர், தேதி, எண்ணையெல்லாம் நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள். பாட்டுக்கு அருமையாக இருக்கும் ப்ளூடூத் ஹெட்செட் பலவற்றில் மைக் வேலை செய்யத் தொடங்கியதும் ஒலித்தரம் இறங்கிவிடும், ஒயர் வைத்ததே நல்லது. ஸ்பீக்கரில் மட்டும் போடாதீர்கள். இருவரும் ஒரே நேரத்தில் பேசினால் உங்கள் குரல் வெட்டுப்படும், அறை எதிரொலியும் சேர்ந்துகொள்ளும்.

கேள்வி: ஸ்பீக்கரில் போட்டால் குறிப்பெடுக்க வசதியாக இருக்குமே?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். ஹெட்செட் போட்டாலும் கை சும்மாதான் இருக்கும்.

கேள்வி: பதில்களை எழுதி வைத்துப் படிக்கலாமா?

பதில்: கூடாது. படிப்பது காதிலேயே தெரிந்துவிடும். எல்லா வாக்கியமும் ஒரே ராகத்தில் முடியும்.

மறுத்து ஒருவர்: நான் படித்துத்தான் வேலை வாங்கினேன். பதற்றத்தில் நாக்கு ஒட்டிக்கொள்கிறவர்கள் என்னதான் செய்வது?

பதில்: வேலை கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம். ஆனால் உங்களைக் காப்பாற்றியது எழுதும்போது உட்கார்ந்து யோசித்ததுதான் என்று நினைக்கிறேன். அழகாகப் படித்தவரிடம் "அதில் உங்கள் பங்கு என்ன?" என்று ஒன்று கேட்பேன். தாளில் அது இருக்காது, அங்கேயே நின்றுவிடுவார். எத்தனையோ நல்ல ஆட்களை இப்படி இழந்திருக்கிறேன், அந்த வருத்தத்தில் சொல்கிறேன்.

அவரே: முதல் வரியாவது எழுதிக்கொள்ளலாமே?

பதில்: சரி, அது நியாயம். தொடங்குவதுதான் கஷ்டம். முதல் வரியை முழுதாக எழுதுங்கள், அப்புறம் வெறும் சொற்கள் போதும்.

கேள்வி: சம்பளம் எவ்வளவு கேட்பது?

பதில்: குறைந்தபட்சம் எவ்வளவு என்று முடிவு செய்துவிட்டுப் போனை எடுங்கள். பேரம் தனிக்கதை, இன்று வேண்டாம்.

கேள்வி: நான் பேசி முடித்தால் எதிர்முனையில் சத்தமே இல்லை. பயத்தில் உளறிவிடுகிறேன்.

பதில்: பெரும்பாலும் எழுதிக்கொண்டிருப்போம். நேர்ப்பேச்சில் ஒருவர் முடித்ததும் அடுத்தவர் தொடங்க சராசரியாக 0.2 நொடிதான் ஆகும், அந்தப் பழக்கத்தில் மூன்று நொடி மௌனமே யுகமாகத் தெரியும். பொறுங்கள். ரொம்ப நீண்டால் "கேட்கிறதா?" என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி: ஸ்பீக்கரில் போட்டு நண்பனைப் பக்கத்தில் உட்கார வைக்கலாமா?

பதில்: மூன்றாவது தடவையாக ஸ்பீக்கர்! வேண்டாம். அவர் கிசுகிசுப்பதும் எங்களுக்குக் கேட்கும்.