பழைய வெள்ளிக் கரண்டியைச் செய்தவர் யார் என்று முத்திரையை வைத்துச் சொல்ல முடியுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பாட்டி விட்டுப்போன கரண்டிகளின் பின்பக்கம் சின்னச் சின்னக் குறிகள் இருப்பதாகச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஆனால் பாலிஷ் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், அழிந்த முத்திரை திரும்ப வராது. லென்ஸ் வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள்.

நடக்கும் சிங்கம் இருந்தால் இங்கிலாந்து ஸ்டெர்லிங், 92.5 சதவீத வெள்ளி. கூடவே நங்கூரம் என்றால் தரம் சோதித்த ஊர் பர்மிங்ஹாம், சிறுத்தைத் தலை என்றால் லண்டன். தனியாக நிற்கும் ஓர் எழுத்து ஆண்டைக் காட்டும். அரசர் அல்லது அரசியின் தலையும் இருந்தால் 1784க்கும் 1890க்கும் இடைப்பட்டது. செய்தவரைக் காட்டுவது சேர்ந்திருக்கும் முதலெழுத்துகள். ஊரையும் ஆண்டையும் பிடிக்காமல் அதைத் தேடினால் ஒரே எழுத்துக்குப் பத்துப் பேர் வந்து நிற்பார்கள்.

வெறும் முதலெழுத்து மட்டும்தானா? அப்படியென்றால் இன்னும் சுவாரசியம், பழைய கேப் டவுன் வேலையாக இருக்கலாம். அங்கே தரம் சோதித்து முத்திரையிடும் அலுவலகம் அப்போது இல்லை. தட்டான் தன் எழுத்தைக் குத்துவதோடு சரி. அதில் 'ஐ' பல நேரம் 'ஜே'யைக் குறிக்கும்: யோஹான்னஸ் காம்பிரிங்க் (Johannes Combrink) என்ற தட்டானின் முத்திரை 'ஐ.சி.' (I.C.). சிலர் ஆங்கிலேய முத்திரை மாதிரியே போலிக் குறிகளும் குத்தினார்கள், சிங்கம் சரியாக இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

'ஈ.பி.என்.எஸ்.' என்றிருந்தால் வெறும் வெள்ளி முலாம். தாராளமாகப் பாயசத்தில் போடுங்கள்.