செயின் மாற்றும் முன் ஒரு ஸ்கேலை எடுங்கள்: கேள்வி பதில்

இருபத்தாறு ஆண்டுகளாக இருசக்கர வாகனப் பட்டறை நடத்துகிறேன். செயின் மாற்றுவது பற்றி வந்த கேள்விகளில் ஒன்பதுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் சொல்லும் அளவும் உங்கள் வண்டிக் கையேட்டில் உள்ள அளவும் வேறுபட்டால் கையேட்டையே நம்புங்கள்.

ஸ்பிளெண்டர் 24,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. செயின் நீண்டுவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். இரும்பு எப்படி ஐயா நீளும்? ஏமாற்றுகிறாரோ என்று சந்தேகமாக இருக்கிறது.

இரும்புத் தகடு நீளவில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின் (குறுக்கே செல்லும் சிறு இரும்புக் குச்சி), அதைச் சுற்றி ஒரு புஷ் (சிறு குழல்), அதற்கு மேல் உருளும் ரோலர் என்று மூன்று இருக்கின்றன. 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. இன்றும் அடிப்படை மாறவில்லை. பின்னும் புஷ்ஷும் ஒன்றோடொன்று உராய்ந்து தேய்கின்றன. ஒரு மூட்டில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. நூறு மூட்டுக்கு அது பத்து மில்லிமீட்டர். அதைத்தான் 'நீண்டுவிட்டது' என்கிறோம்.

சந்தேகம் தீர நீங்களே அளந்து பாருங்கள். செயின் கவரைக் கழற்றி, எஞ்சினை அணைத்து, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திக் கியரில் போடுங்கள். பின் சக்கரத்தைக் கையால் முன்னோக்கித் தள்ளினால் கீழ்ப்பக்கச் செயின் விறைத்து நிற்கும். ஒரு பின்னின் நடுவிலிருந்து எண்ணத் தொடங்கி, அதற்கு அடுத்த இருபதாவது பின்னின் நடுவரை ஸ்கேல் வையுங்கள். உங்கள் வண்டியின் 428 செயின் புதிதாக இருக்கும்போது இது சரியாக 254 மில்லிமீட்டர். 259ஐத் தொட்டால் இரண்டு சதவீதம் தேய்ந்துவிட்டது, மாற்றிவிடுங்கள். 520, 525, 530 செயின்களுக்குப் புதிய அளவு 317.5, மாற்றும் எல்லை ஏறத்தாழ 323. செயின் எல்லா இடத்திலும் ஒரேபோலத் தேயாது, அதனால் நான்கு இடங்களில் அளந்து அதிகமானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்னின் தலையைச் சுற்றிச் செந்நிறப் பொடி தெரிந்தால் உள்ளே எண்ணெய் வறண்டுவிட்டது என்று பொருள். அந்த இடத்துக் கண்ணி மடங்கினால் நிமிராமல் விறைத்து நிற்கும். அப்படிப்பட்ட செயினை 259 வரும்வரை வைத்திருக்க வேண்டியதில்லை.

428, 520 என்ற எண்களுக்கு என்ன பொருள்?

முதல் இலக்கம் பின்னுக்கும் பின்னுக்கும் உள்ள தூரம், அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குக் கணக்கில். 4 என்றால் அரை அங்குலம், 12.7 மி.மீ.; 5 என்றால் 15.875 மி.மீ. அடுத்த இரண்டு இலக்கங்கள் உள்தகடுகளுக்கு இடையிலான அகலத்தைக் குறிக்கின்றன. 520, 530 இரண்டுக்கும் பின்களுக்கு இடையிலான தூரம் ஒன்றே, ஆனால் அகலம் வேறு; அதனால் ஒன்றின் ஸ்பிராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரத்தில்) மற்றதை ஓட்டக் கூடாது. எண்ணுக்குப் பின்னால் 'எச்' என்று இருந்தால் தகடு தடிமனானது. கடைக்குப் போகும் முன் பழைய செயினின் கண்ணிகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

செயின் மட்டும் வாங்கினால் போதாதா? ஸ்பிராக்கெட் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

போதாது. தேய்ந்த செயினோடு ஓடிய பற்கள் அதன் நீண்ட அளவுக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும். அதன்மேல் புதுச் செயின் சரியாக உட்காராமல் வேகமாகத் தேயும். முன் ஸ்பிராக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: பல்லின் ஒரு பக்கம் குழிந்து, நுனி அலைபோல் சாய்ந்திருக்கும். பின்னதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு சுற்றுவதால் முன்னதுதான் முதலில் போகும். முன், பின், செயின் மூன்றும் ஒரே செட்டாக வாங்குங்கள்.

எந்த நிறுவனத்தின் செயின் நல்லது அண்ணா?

வண்டி நிறுவனத்தின் அசல் பாகம் வாங்கினால் கவலை இல்லை. வெளியில் வாங்குவதானால் நம் ஊரிலேயே நல்ல செயின் செய்கிறார்கள். கோயம்புத்தூர் எல்.ஜி. பாலகிருஷ்ணன் நிறுவனத்தின் ரோலான், சென்னை முருகப்பா குழுமத்தின் டயமண்ட் இரண்டையும் பல ஆண்டுகளாக மாட்டிவருகிறேன், குறை சொல்ல எதுவுமில்லை. பெயரைவிடப் போலியைத்தான் நான் அஞ்சுகிறேன். நல்ல செயினின் தகட்டில் நிறுவனத்தின் முத்திரையும் அளவும் தெளிவாக அடிக்கப்பட்டிருக்கும். அட்டைப்பெட்டியில் மட்டும் பெயர் இருந்து தகடு வெறுமையாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கல்லூரி மாணவன் நான். வீட்டிலேயே மாற்ற ஆசை. எங்கே தவறு நடக்கும்?

ஆசைப்படுவது நல்லது தம்பி. முதல் தவறு தொடக்கத்திலேயே நடக்கும்: எல்லோரும் முதலில் செயினைக் கழற்றுவார்கள். பிறகு முன் ஸ்பிராக்கெட்டின் நட்டைத் திருப்பினால் அதுவும் சேர்ந்து சுற்றும், பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது. செயின் இருக்கும்போதே ஒருவர் பின் பிரேக்கை மிதித்துக்கொள்ள, நீங்கள் முன் நட்டையோ போல்ட்டையோ தளர்த்திவிடுங்கள். மடக்கிய லாக் வாஷர் இருந்தால் அதை முதலில் நிமிர்த்துங்கள்.

அதன்பின் பின் சக்கரத்தின் ஆக்சில் நட்டையும் இருபுற அட்ஜஸ்டர்களையும் தளர்த்தி, சக்கரத்தை முன்னே தள்ளினால் செயின் தொய்யும். நோஸ் பிளையரால், செயினின் இரு முனைகளையும் இணைக்கும் லாக்கின் கிளிப்பை எடுத்துச் செயினைக் கழற்றுங்கள். சக்கரத்தை வெளியே எடுத்துப் பின் ஸ்பிராக்கெட்டை மாற்றும்போது, அதற்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள கப்ளிங் ரப்பரை விரலால் அழுத்திப் பாருங்கள். நொறுங்கினாலோ, ஸ்பிராக்கெட்டைக் கையால் ஆட்டும்போது 'டக் டக்' என்று ஆடினாலோ அதையும் மாற்றுங்கள். விலை அதிகமில்லை. இதை விட்டுவிட்டு, புதுச் செயின் போட்டும் குலுங்குகிறதே என்று திரும்பி வருபவர்கள் நிறையப் பேர்.

புதுச் செயினை மாட்டியதும் லாக் போட வேண்டும். இங்கேதான் கவனம். கிளிப்புக்கு ஒரு மூடிய முனை, ஒரு பிளந்த முனை உண்டு. மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மேல்பக்கச் செயின் முன்னோக்கி ஓடுகிறது, எனவே அங்கே லாக் இருக்கும்போது மூடிய முனை வண்டியின் முன்பக்கம் இருக்கும். தலைகீழாகப் போட்டால் எதிலாவது உரசி கிளிப் கழன்றுவிடும். அப்படி நடந்த வண்டி ஒன்று என் பட்டறைக்கு வந்தது. அறுந்த செயின் முன் ஸ்பிராக்கெட்டில் சுருண்டு எஞ்சின் கேஸை உடைத்திருந்தது. செயின் செட்டின் விலையைப் போல் பல மடங்கு செலவு. கிளிப் லாக்கின் இரண்டு பின்களிலும் உள்ள பள்ளத்தில் அமர்ந்திருக்கிறதா என்று விரல்நகத்தால் தடவிப் பாருங்கள். பழைய லாக்கை மறுபடி போடாதீர்கள்.

சக்கரத்தைச் சீர்படுத்த, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் கோடுகள் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் நிறுத்திய பிறகு, பின்னால் குனிந்து செயினின் நேர்கோட்டை ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். ஆக்சில் நட்டைக் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்கி, நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின் இருந்தால் புதியது போடுங்கள். சக்கரம் இடம் மாறியதால் ட்ரம் பிரேக் பெடலின் ஆட்டமும் மாறியிருக்கும். அதையும் சரிசெய்யாமல் தெருவில் இறங்காதீர்கள். 500 கிலோமீட்டருக்குள் புதுச் செயின் கொஞ்சம் தளரும், மறுபடி பார்க்க வேண்டும்.

என் கணவர் வாரம் ஒருமுறை செயினை இறுக்குகிறார். இப்போது பின்னாலிருந்து 'ஊ' என்று ஒலி வருகிறது. இறுக்கமாக இருந்தால் நல்லதுதானே?

இல்லை அம்மா. இன்றே தளர்த்தச் சொல்லுங்கள். தொய்ந்த செயின் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். இறுகிய செயின் அமைதியாக கியர்பாக்ஸ் ஷாஃப்டின் பேரிங்கையும் சக்கர பேரிங்கையும் தின்றுகொண்டிருக்கும். ஒலி வெளியே கேட்கும்போது பாதி வேலை முடிந்திருக்கும். வண்டியில் இருவர் ஏறிப் பள்ளத்தில் இறங்கும்போது ஸ்விங் ஆர்ம் மேலே எழுகிறது. முன் ஸ்பிராக்கெட், ஸ்விங் ஆர்மின் அச்சு, பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும் கணத்தில் இரு ஸ்பிராக்கெட்டுக்கும் இடையிலான தூரம் மிக அதிகம். அந்தக் கணத்துக்காகத்தான் தொய்வு விடுகிறோம்.

சிறிய வண்டிகளுக்குக் கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் மேலும் கீழுமாக 20 முதல் 30 மி.மீ. ஆட்டம் வேண்டும். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நான்கைந்து இடங்களில் பார்த்து, மிக இறுக்கமான இடத்தில் இந்த அளவை வையுங்கள். வாரந்தோறும் தளர்கிறது என்றால் செயினின் ஆயுள் முடிந்துவிட்டது. இறுக்குவதால் அது திரும்பி வராது. 'ஊ' ஒலிக்கு பேரிங்குகளையும் ஒருமுறை காட்டுங்கள்.

டியூக் 390 வைத்திருக்கிறேன். செயினைப் பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் கொண்டு கழுவலாமா?

கூடாது. உங்களுடையது ஓ-ரிங் அல்லது எக்ஸ்-ரிங் என்று சொல்லும் ரப்பர் வளையம் வைத்த வகை. உள்தகட்டுக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவே உள்ள ரப்பர் வளையம், தொழிற்சாலையில் அடைத்த கிரீஸைப் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையே பூட்டி வைத்திருக்கிறது. பெட்ரோல் ரப்பரைக் கெடுக்கும், கம்பி அதைக் கிழிக்கும். மண்ணெண்ணெய், மென்மையான பிரஷ், துணி போதும். துடைத்தபின் ஓ-ரிங்குக்கு ஏற்றது என்று எழுதியுள்ள ஸ்பிரே, அல்லது 90 கிரேடு கியர் ஆயில். இந்த வகைக்குப் பின்னின் முனையை நசுக்கி இணைக்கும் ரிவெட் லாக்தான் பொருத்தம், அதை அடிக்கத் தனிக் கருவி வேண்டும். சுத்தியலால் தட்டிச் சமாளிக்க வேண்டாம்.

முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூட்டினால் மைலேஜ் கூடுமா?

முன்னால் 14 பல், பின்னால் 42 பல் என்றால் விகிதம் 3.0. முன்னால் 15 போட்டால் 2.8. நெடுஞ்சாலையில் எஞ்சின் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும், ஆனால் மேட்டில் இழுவை குறையும், அடிக்கடி கியர் குறைக்க நேரும். நகரத்தில் இருவராகப் போகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயிலைச் செயினுக்கு விடுகிறோம். வண்டியை ஸ்டாண்டில் போட்டு முதல் கியரில் ஓடவிட்டால் எளிதாக எல்லா இடத்திலும் படுகிறது. சரிதானே?

இரண்டுமே தவறு. பழைய ஆயிலில் உலோகத் துகளும் கரியும் இருக்கின்றன. அதைப் பின்னுக்குள் அனுப்புவது அரத்தால் ராவுவதற்குச் சமம்.

இரண்டாவதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எஞ்சின் ஓடும்போது செயின் பக்கம் துணியையோ விரலையோ கொண்டு போகாதீர்கள். துணியின் ஓரம் சிக்கினால் அது விரலையும் சேர்த்து ஸ்பிராக்கெட்டுக்குள் இழுத்துவிடும். கையை இழுத்துக்கொள்ள நேரம் கிடைக்காது. என்னோடு வேலை பழகிய ஒருவருக்கு ஆள்காட்டி விரலின் நுனி இன்று இல்லை. எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் சக்கரத்தை இடக்கையால் மெல்லச் சுற்றி, வலக்கையால் கீழ்ப்பக்கச் செயினின் உட்புறத்தில் விடுங்கள். மூன்று சுற்றுப் போதும். பத்து நிமிடம் ஊறவிட்டு, மிகுந்ததைச் சக்கரம் நின்றிருக்கும்போது துடையுங்கள். பிறகு கழற்றிய செயின் கவரை மறக்காமல் மாட்டுங்கள். பின்னால் புடவையோடும் துப்பட்டாவோடும் உட்காருபவர்கள் இருக்கிறார்கள்.